மேசைவிரிப்பில் ஒரு கண்டம்

சாவிக்கடை
ஜூன் 3

அன்புள்ள வாயாடிக்கு,

அத்தை எழுதுகிறேன். நீயும் என் பிள்ளையும் கோர்ட்டில் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அதனால் நான் உனக்கு அத்தையா இல்லையா என்று தெரியவில்லை. வேறு எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை. நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, உன் எக்ஸ்ரே அறையில் ஏ.சி. வேலை செய்கிறதா என்றெல்லாம் விசாரித்ததாக வைத்துக்கொள். விஷயத்துக்கு வருகிறேன்.

நம் சாப்பாட்டு மேசையில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் விரிப்பு, கண்டம் முழுவதையும் வரைபடமாக அச்சடித்தது, இன்னும் இருக்கிறது. உன் தட்டு மலைகள்மேல் இருக்கும். என் தட்டு பாலைவனத்தில். என் பிள்ளையின் தட்டு எப்போதும் கடலில். அவன் வேலை முடிந்து வருவதற்குள் நாம் இருவரும் சாப்பிட்டுவிட்டு, பேனாவால் கோடு போட்டுப் பயணம் போவோமே, அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. சோப்புப் போட்டுத் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அழுத்தித் துடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் கிளம்பப்போகிறேன். பாலைவனம், காடு, புல்வெளி, மலை, எல்லாம் ஒரே சுற்றில். கடையை இரண்டு மாதம் பூட்டினால் ஊரில் யாரும் தெருவில் நிற்கப்போவதில்லை. காலமெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கதவுக்குச் சாவி போட்டுக் கொடுத்தேன். பித்தளைத் தூள் தலைமுடியில் ஏறியதுதான் மிச்சம், நான் எங்கும் போனதில்லை.

வலது முழங்கால் மக்கர் பண்ணுகிறது. எக்ஸ்ரே எடுத்தேன், படத்தை இதோடு வைத்திருக்கிறேன். டாக்டர் சொன்னது பாதிதான் புரிந்தது. நீ பார்த்து உள்ளதை உள்ளபடி சொல். மழுப்பாதே.

போனில் பேசக்கூடாதா என்பாய். கடையில் மெஷின் கத்துகிறது, வீட்டில் அவன் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். தவிர, போனில் திட்டினால் நீ வைத்துவிடுவாய். கடிதமென்றால் கடைசிவரை படித்துத்தானே ஆகவேண்டும்.

வருகிறாயா, இல்லையா? ஒரே வரியில் பதில் போடு.

அத்தை


மருத்துவமனைக் குடியிருப்பு
ஜூன் 15

அன்புள்ள அத்தைக்கு,

வருகிறேன்.

நீங்கள் கேட்டது ஒரு வரிதான். மீதி வரிகள் வாயாடியின் பங்கு.

உங்கள் படத்தை எங்கள் அறையிலுள்ள விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். தினமும் எத்தனையோ முழங்கால்களைப் பார்க்கிறேன். இதன் ஓரத்தில் உங்கள் பெயர் இருந்ததால் விளக்கைப் போடவே மனம் வரவில்லை. படம் எடுப்பவள் நோயைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலில் உள்ள விதி. அதனால் எங்கள் எலும்பு டாக்டரிடம் காட்டினேன். அவர் சொன்னது இது: "இந்த வருஷம் மெதுவா, பிடிச்சுக்கிட்டு ஏறலாம். அடுத்த வருஷம் வீட்டு மாடிப்படியே பெரிய மலைதான். எலும்புக்கு நடுவுல இருக்க வேண்டிய இடைவெளி ஒரு பக்கம் இல்லவே இல்ல." மழுப்பாமல் எழுதிவிட்டேன். ஆகவே மலைதான் முதலில், அதுவும் இந்த வருஷமே.

கோடு போட்டபோது நாம் ஒன்றை யோசிக்கவில்லை அத்தை. விரிப்பில் மழையையும் பனியையும் யாரும் அச்சடிக்கவில்லை. நம் பழைய வரிசையில் போனால் பாலைவனத்தில் வெந்து, காட்டில் வெள்ளத்தில் மாட்டி, மலையடிவாரத்துக்குப் போய்ச் சேரும்போது மேலே போகிற சாலையையே மூடியிருப்பார்கள். செப்டம்பர் கடைசியில் பனி விழ ஆரம்பித்ததும் அந்தச் சாலையில் பஸ் நின்றுவிடும். அதனால் செப்டம்பர் தொடக்கத்தில் கிளம்பி மலை. இறங்கிவந்து புல்வெளி. மழை விட்டதும் காடு. வெயில் தணிந்தபிறகு பாலைவனம்.

மேசைக்குக் கீழே தொங்குகிற பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். கண்டம் மேசை விளிம்போடு முடியவில்லை. தென்கரை முழுவதும் இத்தனை நாள் நம் மடியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

டிக்கெட் எடுக்கப் போன இடத்தில் ஒரு சங்கடம். அந்தப் பெண் இருவர் பெயரையும் எழுதிக்கொண்டு, "இவங்க உங்களுக்கு என்ன உறவு?" என்றாள். எனக்கு வாயே வரவில்லை. "அப்புறம் சொல்றேன்" என்று நழுவிவிட்டேன். இடத்தை மட்டும் பிடித்துவைத்திருக்கிறாள்.

தினமும் நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்குங்கள். மறந்தால் எனக்குப் படத்தில் தெரிந்துவிடும்.

வாயாடி


சாவிக்கடை
ஜூலை 6

அன்புள்ள வாயாடிக்கு,

விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். அடேயப்பா, எவ்வளவு பெரிய கரை! கலங்கரை விளக்கம் வேறு போட்டிருக்கிறான். நம் வீட்டுப் பூனைக்கு மட்டும்தான் இது தெரிந்திருக்கும், அது வாயைத் திறக்கவில்லை.

காலை நீட்டி மடக்குகிறேன். கடையில் ஆள் இல்லாதபோது மேசைக்குப் பின்னால் செய்கிறேன். சந்தை மேம்பாலத்தில் தினமும் ஏறி இறங்குகிறேன். கயிறு கட்டுகிற ஷூ ஒரு ஜோடி வாங்கினேன். பக்கத்துக் கடைத் தையல்காரர் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஓட்டப் பந்தயமா?" என்றார். "ஆமா, நீதான் கொடி அசைக்கணும்"னு சொன்னேன்.

பிள்ளையிடமும் சொல்லிவிட்டேன். "அவளோடயா?" என்றான். "அவளோடதான்" என்றேன். அதற்குமேல் பேசவில்லை. அவன் பேசாமல் இருப்பது உனக்குப் புதிதில்லை.

இதை நீ வேறு யார் வாயாலும் கேட்கக்கூடாது என்பதால் நானே எழுதுகிறேன். அவன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப்போகிறான். பெண் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். நல்ல பெண்தான், உனக்காக அவளைக் குறை சொல்ல எனக்கு வரவில்லை. போன வாரம் வீட்டுக்கு வந்தவள், உதவி செய்கிறேன் பேர்வழி என்று கொதிக்கிற பாத்திரத்தை விரிப்புமேல் வைத்துவிட்டாள். புல்வெளி பாதி உருகிப்போயிற்று. நான் போட்ட சத்தத்தில் அழுதுவிட்டாள். பிறகு நானே டீ போட்டுக் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன். பாவம், அது என்ன விரிப்பு என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

உனக்கு வருத்தமாக இருந்தால் வருத்தம் என்றே எழுது.

அத்தை


மருத்துவமனைக் குடியிருப்பு
ஆகஸ்ட் 2

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்கள் மகன் போன் செய்தார். கல்யாணத் தேதி செப்டம்பர் இருபது என்று அவரே சொல்ல நினைத்தாராம். மரியாதையாகப் பேசினார், நானும் பேசினேன். அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது.

நாம் அப்போது பாதி வழியில் இருப்போம். ஆகவே பிடித்துவைத்த இடத்தை இன்று போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெண் வீட்டார் வருவதும் போவதுமாக உங்களுக்கு அந்த மாதம் முழுவதும் சரியாக இருக்கும். அடுத்த வருஷம் போகலாம். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எக்ஸ்ரே அறையிலிருந்து


சாவிக்கடை
ஆகஸ்ட் 2

அன்புள்ள வாயாடிக்கு,

இன்று சண்டை போட்டுவிட்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

செப்டம்பர் இருபது என்று தேதி குறித்துவிட்டு வந்து நிற்கிறான். மண்டபம் அன்றைக்குத்தான் கிடைத்ததாம். "நான் ஊர்ல இருக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"ன்னு கேட்டேன். "டூரை அப்புறம் வெச்சுக்கோம்மா" என்றான். டூராம்! "நீ கட்டிக்கோ, நல்லா இரு. நான் வர முடியாது" என்று சொல்லிவிட்டேன்.

நம் ஏற்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை. பெட்டியை எடுத்துத் தூசி தட்டிவிட்டேன். நீயும் தட்டு.

அத்தை


மருத்துவமனைக் குடியிருப்பு
ஆகஸ்ட் 10

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையது இப்போது உங்கள் கையில் இருக்கும். உங்களுடையதைப் படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

நீங்கள் அந்தக் கல்யாணத்துக்குப் போயே ஆகவேண்டும். பெற்ற பிள்ளையின் கல்யாணத்தில் அம்மா இல்லை, எங்கே என்றால் பழைய மருமகளோடு ஊர் சுற்றப் போயிருக்கிறாள்! அவர் எப்படித் தலைநிமிர்ந்து நிற்பார்? அந்தப் பெண் என்ன நினைப்பாள்? முதல் நாளே அவள் வாழ்க்கையில் என் நிழல் விழவேண்டுமா? நான் அந்த வீட்டைவிட்டு வந்தபோது எதையும் உடைத்துவிட்டு வரவில்லை. இப்போதும் உடைக்கமாட்டேன்.

நீங்கள் உள்ளதைச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். பிரிந்தபோது அவரைவிட்டு வந்தது அவ்வளவாக வலிக்கவில்லை. உங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட முடியாதே என்பதுதான் வலித்தது, இன்றும் வலிக்கிறது. ஆனால் மலைக்குப் பக்கத்திலிருந்த அந்த நாற்காலியில் இனி இன்னொருத்தி உட்காரவேண்டும். நான் நடுவில் நின்றுகொண்டே இருந்தால் அவள் எங்கே உட்காருவாள்?

நான் வரவில்லை. அடுத்த வருஷமும் வரமாட்டேன் என்று நினைக்கிறேன். தயவுசெய்து பதில் எழுதி என்னைக் கரைக்கப் பார்க்காதீர்கள்.

இப்படிக்கு,
எக்ஸ்ரே அறையிலிருந்து


சாவிக்கடை
ஆகஸ்ட் 19

அன்புள்ள வாயாடிக்கு,

'மதிப்பிற்குரிய அம்மா'வாம். மின்சார ஆபீசுக்கா எழுதுகிறாய்?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு சாவியைத் தப்பாக வெட்டிவிட்டேன். வாங்கிப்போன ஆள் திரும்பி வந்து, "என்னம்மா, நுழையவே மாட்டேங்குது" என்றார். எனக்கு அப்படி ஆனதே இல்லை. அரத்தைக் கீழே வைத்துவிட்டு, டீ வரவழைத்துக் குடித்துவிட்டு யோசித்தேன்.

கல்யாணத்துக்குப் போகிறேன். அதில் நீ சொன்னது சரி. நான் வரமாட்டேன் என்று சொன்ன அன்று அவன் சாப்பிடாமல் எழுந்து போனான். கடல்மேல் தட்டு அப்படியே இருந்தது. அதைப் பார்த்தும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன் பார், அதற்கு என்னைத்தான் சொல்லவேண்டும். முன்வரிசையில் உட்காருவேன், வாய் நிறைய வாழ்த்துவேன், அந்தப் பெண்ணின் அம்மாவோடு சிரித்துப் பேசுவேன்.

மற்றதிலெல்லாம் நீ சொன்னது தப்பு. என் எலும்பைப் பார்த்தவள் நீ. அடுத்த வருஷம் படியே மலை என்று எழுதியவள் நீ. 'அடுத்த வருஷம் போகலாம்' என்று எழுத உனக்கு எப்படியடி கை வந்தது? உனக்கே தெரியும் அடுத்த வருஷம் இல்லை என்று. தெரிந்தே எழுதினாய். அதற்கு மட்டும் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏற்பாடு இதுதான். கல்யாணச் சாப்பாடு மத்தியானத்தோடு முடிகிறது. சாயங்கால ரயிலில் ஏறுகிறேன். நடுவில் எங்கும் இறங்காமல் நேரே மலையடிவாரம். சாலையை மூடுவதற்குள் போய்ச்சேர ஒரு வாரம் இருக்கிறது. பனி முந்திக்கொண்டு மூடிவிட்டால், மூடினதைப் பார்த்துவிட்டு வருவோம். பூட்டைப் பார்த்துப் பயப்படுகிறவளா நான்? பெண் வீட்டாரிடம் விருந்தெல்லாம் நான் திரும்பி வந்தபிறகுதான் என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிற்று, பிறகு சரியாகிவிட்டார்கள்.

அந்தப் பெண், "யார்கூட போறீங்க அத்தை?" என்றாள். மறைக்காமல் சொன்னேன். மறுநாள் மருந்துக்கடையிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். முட்டிக்கு எண்ணெய், மாத்திரை, கூடவே வாந்தி மாத்திரை இரண்டு அட்டை. "எனக்கு எதுக்கு ரெண்டு?" என்றேன். "மலைப்பாதைல வளைவு ஜாஸ்தி. ஒண்ணு அவங்களுக்கு" என்றாள். அவள் உட்கார இடமில்லை என்று நீ கவலைப்படாதே. அவள் நாற்காலியைப் பாலைவனத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். விசிறிக்காற்று அங்கேதான் வருகிறதாம்.

நீ மண்டபத்துக்கு வரவேண்டாம். ரயில் மறுநாள் காலையில் உன் ஊரில் நிற்கிறது. அங்கே ஏறு. கல்யாண இனிப்புப் பெட்டி ஒன்று கொண்டுவருவேன். சாப்பிடுவதும் ஜன்னல் வழியே எறிவதும் உன் இஷ்டம்.

என்ன உறவு என்று யாரோ கேட்டதற்கு வாய் வரவில்லை என்றாயே, அதையும் யோசித்தேன். விவாகரத்துப் பத்திரத்தில் அவன் கையெழுத்துப் போட்டான். நீ போட்டாய். நான் எங்கேயும் போடவில்லை.

நீ ஏறாவிட்டாலும் நான் போவேன். உன் ஊரில் ரயில் நிற்கிற நேரம் ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான்.

அத்தை


மருத்துவமனைக் குடியிருப்பு
ஆகஸ்ட் 27

அன்புள்ள அத்தைக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டேன். உங்களுக்குக் கீழ்ப் படுக்கை, எனக்கு எதிரில். ஷூவைக் கல்யாணத்தன்றே போட்டுக்கொண்டு நிற்காதீர்கள், பெட்டியில் வையுங்கள். மேல்சாலையில் பஸ் இன்னும் ஓடுகிறதாம், விசாரித்தேன்.

டிக்கெட் கவுண்டரில் அதே பெண்தான் இருந்தாள். "போன தடவை உறவு சொல்லாமப் போயிட்டீங்களே, இவங்க உங்களுக்கு யாரு?" என்றாள். "மாமியார்" என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை அத்தை. எழுதிக்கொண்டே, "வயசு?" என்று கேட்டாள்.

வாயாடி