விசிறி ஓடுகிறது

ஜூன் 3

டீச்சருடைய காரை மறுபடியும் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். சிக்னலில் நின்றால் போதும், சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடுகிறதாம். வேகமாக ஓடும்போது பரவாயில்லையாம். முதல் தடவை ரேடியேட்டரைக் கழுவி மூடி மாற்றினேன். அடுத்த தடவை தெர்மோஸ்டாட். எல்லாம் வீண். "உங்களை நம்பினதுக்கு நான் நடந்தே ஸ்கூலுக்குப் போயிருக்கலாம்" என்றார் டீச்சர். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "நாளன்னைக்கு வரைக்கும் டைம். கண்டுபிடிக்கலேன்னா இன்ஜினை நான் பிரிக்கிறேன். நீ பழையபடி ஆயில் மாத்தப் போ."

இவன் பட்டறையில் ஒன்பது வருஷமாக ஆயில்தான் மாற்றினேன். பழுது கண்டுபிடி என்று என்னை நம்பிக் கொடுத்த முதல் வண்டி இது. சனியன், இதுவா இப்படிப் பண்ண வேண்டும்?

ஜூன் 4

தண்ணீர் எங்கும் ஒழுகவில்லை. பம்ப் வேலை செய்கிறது. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை, வெள்ளைப் புகை இல்லை, ரேடியேட்டரில் குமிழி இல்லை. இன்ஜினுக்குள் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று அண்ணன் சாதிக்கிறான். போயிருந்தால் இதில் ஒன்றாவது காட்டிக் கொடுத்திருக்காதா? கேட்டேன். "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று பாய்ந்தான்.

விசிறியா? நான் கை வைப்பதற்கு முன்பே, அதன் மோட்டார் எரிந்துதான் வண்டி முதலில் இங்கே வந்தது. அண்ணனே புது மோட்டார் போட்டான். வேலை அட்டையில் 'விசிறி ஓடுகிறது' என்று அவன் போட்ட டிக் இருக்கிறது. அண்ணன் டிக் போட்டதை இங்கே யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. நான் மட்டும் இன்று எட்டிப் பார்த்தேன். ஜோராகத்தான் சுற்றுகிறது.

ஜூன் 5, காலை

ஒண்ணும் புரியல. அழுகையா வருது. வண்டியை ஓடவிட்டு அது முன்னாடியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கேன். அண்ணன் இன்ஜினைப் பிரிக்க ஸ்பானர் எல்லாம் எடுத்து அடுக்கறான். இனிமேல் எனக்கு இங்க

ஜூன் 5, மதியம்

கண்டுபிடிச்சிட்டேன்! நான்! நானேதான்!

மேலே எழுதிக்கொண்டிருக்கும்போதே விசிறி ஓட ஆரம்பித்தது. முகத்தில் அனல் அடித்தது. அட, வண்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் முகத்தில் காற்று ஏன் அடிக்கணும்? விசிறி பின்னால் இருந்துகொண்டு வெளிக்காற்றை ரேடியேட்டர் வழியாக உள்ளே அல்லவா இழுக்க வேண்டும்! இந்த நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து ரேடியேட்டர் முன்னால் பிடித்தேன். ஒட்டிக்கொள்ளவில்லை. பறந்துபோய் வாளி பக்கத்தில் விழுந்தது.

விசிறி தலைகீழாகச் சுற்றுகிறது. இன்ஜின் சூட்டை அள்ளி ரேடியேட்டர் மேலேயே கொட்டுகிறது. வண்டி ஓடும்போது எதிர்காற்று காப்பாற்றுகிறது, நின்றால் தொலைந்தது.

புது மோட்டாரின் இரண்டு ஒயரும் மாறி இணைக்கப்பட்டிருந்தன. சரியாக மாற்றிப் போட்டேன். தாள் இப்போது பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. நின்ற இடத்திலேயே ஏசியும் போட்டு முக்கால் மணி நேரம் ஓடவிட்டேன். முள் பாதியைத் தாண்டவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். தாளைப் பிய்த்தான். விட்டான். திரும்பப் போய் ஒட்டிக்கொண்டது.

"முதல்ல ஒயரை மாத்தி மாட்டினது எவன்?"

"டிக் யாருதுன்னு அட்டையில பாரு."

பில் போடும் மேஜையில் இருந்த அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டான். போனால் போகட்டும்! எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஜூன் 12

டீச்சர் வந்தார். "வேணும்னே நெரிசல்ல போய் நின்னேன். முள் அசையலையே!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கையில் இருந்த கிரீஸ் முழுவதும் அவர் கையில்.

ஜூன் 20

வேன் ஒன்று கொதித்துக்கொண்டு வந்தது. அண்ணன் அதை ஒரு சுற்று சுற்றினான், வேலை அட்டையை எடுத்தான். வழக்கம்போல டிக் போடப் போகிறான் என்று நினைத்தேன். வெற்று அட்டையையும் பேனாவையும் என் கையில் கொடுத்தான்.

"எல்லா டிக்கும் நீயே போடு. அந்தப் பச்சைக் காருக்கு ஆயில் மாத்தணும், அதை நான் பாத்துக்கறேன்."