நீலப் புத்தகம் எங்கே இருந்தது

லிங்கராஜபுரம், பெங்களூர்
30 நவம்பர் 2025

அன்பு மகன் லாயிடுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். உன் கழுத்தில் இன்னும் கட்டு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அப்படி எழுதக் கை வரவில்லை. கஞ்சியிலிருந்து இட்லிக்கு வந்துவிட்டாய் என்று மருமகள் ரூபினி சொன்னாள். கேட்க நிம்மதியாக இருந்தது. என் பேத்தி சின்னவளுக்கு இருமல் விட்டதா? அயர்லாந்துக் குளிரில் அவளை வெறும் காலோடு நடக்க விடாதீர்கள். இங்கேயும் குளிர் ஆரம்பித்துவிட்டது. எனக்கு முட்டி வலியைத் தவிர வேறு குறையில்லை.

இன்று காலை உன் போனுக்கு மூன்று படம் அனுப்பினேன். பல் டாக்டர் நாகேஷ் அந்தக் காலத்தில் கொடுத்த நீலப் புத்தகத்தின் அட்டை, உள்ளே அவர் ஒட்டிய, உன் பல் திருகுகளின் கம்பெனி பெயர் உள்ள இரண்டு ஸ்டிக்கர், நேற்று அவர் புதிதாக எழுதிக் கொடுத்த தாள். படம் போன ஐந்தாவது நிமிடமே நீ கேட்டாய், "எங்கப்பா இருந்துச்சு இது?" என்று. நான் பதில் போடவில்லை. போனில் தட்டி அனுப்புகிற பதில் இல்லை அது. பேசினாலோ பாதியிலேயே நீ "பரவால்லப்பா" என்று முடித்துவிடுவாய். முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் நீ என்ன சொல்ல வேண்டுமோ சொல். அதற்காகத்தான் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பேனாவை எடுத்திருக்கிறேன்.

அது உன் அம்மாவின் பைபிள் உறைக்குள் இருந்தது. ஜிப் வைத்த அந்தப் பழுப்பு உறை. ஆகஸ்ட் மாதம் நீ கேட்ட அன்று சாயங்காலமே எனக்குக் கிடைத்துவிட்டது.

தப்பாகப் படித்துவிட்டோமோ என்று நீ நினைக்க வேண்டாம், திரும்பவும் எழுதுகிறேன். ஆகஸ்டிலேயே கிடைத்துவிட்டது. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று நான் உன்னிடம் சொன்ன ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அது என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். ஜூன் மாதம் அம்மாவுக்குக் கால் வீங்கியது. சாதாரண வீக்கம் என்று போனோம். எக்கோ எடுத்துப் பார்த்து, இதயம் பாதிகூட வேலை செய்யவில்லை என்றார்கள். மருந்தால் ஓட்டலாம், எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றார்கள். ஆட்டோவில் திரும்பும்போதே அவள் ஆரம்பித்துவிட்டாள். "லாயிட்டுகிட்ட மூச்சு விடக்கூடாதுங்க. இப்பதான் சூப்பர்வைசர் ஆக்கியிருக்காங்க. ஆறு மாசம் பாத்துட்டுதான் நிரந்தரம் பண்ணுவாங்களாம். சொன்னா அப்படியே போட்டுட்டு ஓடி வந்துடுவான்." வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்து பைபிள் மேல் வைத்தாள். நாற்பத்திரண்டு வருடத்தில் அவள் என்னிடம் சத்தியம் வாங்கியது இரண்டே தடவை. முதல் தடவை குடியை விடச் சொல்லி. அதைக் காப்பாற்றியவன் இதையும் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு உடம்பு முடியாததை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டு நீ இன்னும் கோபமாக இருக்கிறாய். அதில் அவளும் சம கூட்டாளி. ஞாயிற்றுக்கிழமை உன் போன் வருவதற்கு அரை மணி முன்னாலேயே தலை சீவி, பவுடர் போட்டு, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்துவிடுவாள். கால் தெரியாமல் போனை எப்படிப் பிடிப்பது என்று கீழ்வீட்டு வீணாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். பத்து நிமிடம் உன்னோடு சிரித்துப் பேசிவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள்.

அந்த நேரத்தில்தான் நீ பல் ஆடுகிறது என்றாய். கீழ் வரிசை, வலது பக்கம், நாகேஷ் டாக்டர் எலும்பில் திருகு இறக்கி வைத்த இரண்டு பல்லில் ஒன்று. உங்கள் ஊர் டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, எலும்பில் இருக்கும் திருகு கெட்டியாகத்தான் இருக்கிறது, மேலே பல்லைப் பிடித்திருக்கும் குட்டித் திருகுதான் தளர்ந்திருக்கிறது, ஆனால் எந்தக் கம்பெனி என்று தெரியாமல் கை வைக்க மாட்டேன் என்றாராம். வேறு நாட்டில் யாரோ செய்த வேலை, உடைந்தால் யார் பொறுப்பு என்றாராம். நீ அவரைப் பயந்தாங்கொள்ளி என்றாய். எனக்கு அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் புரிந்தது. முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவனுக்குப் புரியாதா? ஒரு கம்பெனி போல்ட்டுக்கு இன்னொரு கம்பெனி ஸ்பேனரைப் போட்டால் தலை வழுக்கிப் போகும், அப்புறம் கழற்றவும் முடியாது, முறுக்கவும் முடியாது. அதனால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

நீதான் சொன்னாய், "புக்கு கெடச்சா இங்கயே முறுக்கிடுவாங்க. கெடைக்கலேன்னா டிசம்பர்ல நானே வந்து நாகேஷ் டாக்டர்கிட்ட காட்டிக்கிறேன்" என்று. அந்த ஒரு பேச்சில் என் புத்தி கெட்டது. சத்தியத்தை மீற வேண்டாம். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். புத்தகம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னால் போதும், பல்லே உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். எவ்வளவு சாமர்த்தியம் பார் உன் அப்பனுக்கு.

அந்த யோசனையும் சும்மா வரவில்லை. 2014 ஜூலையில் நீ இருபது நாள் லீவில் வந்து அதில் பாதியை டாக்டர் நாற்காலியில் கழித்தாய். அம்மா குழைந்த சாதமும் ராகிக் கஞ்சியுமாகச் செய்து போட்டாள். "இவன் என்ன பாக்க வந்தானா, பல்ல பாக்க வந்தானா" என்று உன்னைக் கிண்டல் செய்துகொண்டே இருந்தாள். திருகு எலும்பில் பிடிக்க நாலு மாதம் ஆகும், திரும்ப வந்துதான் பல் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் உன் முகம் தொங்கிப் போனது. அவள் முகத்தைத்தான் நீ பார்க்கவில்லை. அந்த வருடம் இரண்டு தடவை வந்தாய். நீ வெளிநாடு போன பிறகு அப்படி ஒரு வருடம் அவளுக்கு வாய்க்கவே இல்லை.

இந்தத் தடவை புத்தகம் எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தவளே அவள்தான். "ஒடனே போட்டோ புடிச்சி அனுப்புங்க, புள்ள எந்தப் பக்கம் மெல்லுவான்" என்றாள். அனுப்பிவிட்டேன் என்றேன். அடுத்த வாரம் கேட்டாள். சரியாகிவிட்டது, நன்றாக மெல்லுகிறான் என்றேன். குட்டு உடையக் கூடாதே என்று உன்னிடம், அம்மாவிடம் பல்லைப் பற்றிப் பேச்சு எடுக்காதே, கவலைப்படுவாள் என்றேன். நீயும் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டாய். டிசம்பர் பத்தொன்பதுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன் என்று நீ சொன்ன அன்று நான் ஓடிப் போய் அவளிடம் சொன்னேன். "ஏன், பல்லு மறுபடி ஆடுதா?" என்றாள். இல்லை சாந்தா, சும்மாதான் வருகிறான், நம்மைப் பார்க்க வருகிறான் என்றேன். நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். அது சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள் அன்றைக்கு ஒரு தட்டு சாதம் சாப்பிட்டாள்.

அக்டோபரில் தளர்ந்த பல்லுக்கு அடியில் அழுக்குச் சேர்ந்து உன் கன்னம் வீங்கியது. மாத்திரை போட்டு டிசம்பர் வரை தள்ளிவிடுகிறேன் என்றாய். அன்றைக்காவது நான் அனுப்பியிருக்க வேண்டும். புத்தகத்தை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தேன். போனையும் எடுத்தேன். இன்னும் எட்டு வாரம்தானே, மாத்திரைதான் சாப்பிடுகிறானே என்று திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். இருபத்திரண்டாம் தேதி ரூபினி போன் செய்து, சீழ் தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கிவிட்டது, மூச்சு திணறுகிறது, ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிறார்கள் என்றாள். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. இருபத்துநாலாம் தேதி காலை ஏழு மணிக்குக் காபி கேட்டாள். நான் கொண்டுபோவதற்குள் போய்விட்டாள்.

அடக்கத்தின்போது வீணாதான் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். நீ கழுத்தில் கட்டும் குழாயுமாகப் படுத்திருந்தாய். நீ அழுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. வாயைத் திறக்க முடியாமல் என் பிள்ளை அழுதான். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பெண்டாட்டி போன துக்கத்தில் மனிதர் நிலைகுலைந்துவிட்டார் என்று கோயில் ஜனங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். கல்லறைத் திருநாள் அன்று மெழுகுவர்த்தி ஏற்றப் போனபோது அவளிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல மட்டும் பயமாக இருந்தது. அதனால் இன்னும் நாலு வாரம் போய்விட்டது.

போன ஞாயிறு நீ சொன்ன பேச்சுதான் என்னை உலுக்கிவிட்டது. "நாகேஷ நம்பி மோசம் போனேம்ப்பா. நம்ம ஊர்ல செஞ்ச வேல இவ்ளோதான் தாங்கும். இன்டர்நெட்ல அவர் பேரப் போட்டு எழுதப் போறேன், நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாய். டிப்போவில் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டால், கடைசியாகக் கை வைத்தவன் யார், பார்க்காமல் விட்டவன் யார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே இருந்த அத்தனை வருடத்தில் என் தப்பை இன்னொருத்தன் பெயரில் நான் எழுதியதில்லை. இப்போது எழுத விட மாட்டேன்.

நேற்று அவரைத் தேடிப் போனேன். அவருடைய கிளினிக் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. அவர் தொழிலை விட்டு மூன்று வருடம் ஆகிறது, சந்தாபுராவில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று அந்தக் கடைக்காரர் சொன்னார். இரண்டு பஸ் மாறிப் போனேன். கை நடுக்கம் வந்துவிட்டது அவருக்கு. உன் பெயரைச் சொன்னதும் ஞாபகம் வந்தது. எத்தனை வருடம் நின்றது என்றுதான் முதலில் கேட்டார். பதினோரு வருடம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார், முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. பிறகு நடந்ததையெல்லாம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "எரடு நிமிஷத கெலஸ, ஜெயராஜ்" என்றார். இரண்டு நிமிட வேலை. திட்டியிருந்தால் தேவலை.

அவரே தாள் கேட்டு வாங்கி எழுதினார். உங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு திருகை எடுத்துவிட்டார்கள். மற்றதையும் எடுப்பதா என்று டிசம்பர் எட்டாம் தேதி முடிவு செய்யப் போகிறார்கள் என்று ரூபினி சொன்னாள். அவசரப்பட்டுப் பிடுங்க விட வேண்டாம், அது எந்த அளவு, எந்தச் சாவியால் முறுக்க வேண்டும் என்று தாளில் இருக்கிறது, சுத்தமாக வைத்துக்கொண்டு வருடா வருடம் காட்டினால் இன்னும் பல வருடம் நிற்கும் என்றார் டாக்டர். அந்தப் படத்தை அவர்களிடம் கட்டாயம் காட்டு. அந்த மனிதரின் வேலை கெடவில்லை லாயிட். கெடுத்தவன் நான். யார் பெயரையாவது எழுத வேண்டுமென்றால் என் பெயரை எழுது.

படம் வந்துவிட்டது, அதுவே போதும்தான். ஆனாலும் அசல் புத்தகத்தையும் இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். உன் பொருள் எதையும் இனி நான் பிடித்து வைத்துக்கொள்ள மாட்டேன். கடைசிப் பக்கத்தைப் பார். அதை மட்டும் நான் படம் எடுத்து அனுப்பவில்லை. டாக்டரிடம் வந்த தேதிக்கு ஒரு கட்டம், எதற்கு வந்தாய் என்பதற்கு ஒரு கட்டம். டாக்டர் அதை நிரப்பவே இல்லை. அம்மா நிரப்பியிருக்கிறாள், நீ வீட்டு வாசலில் வந்து இறங்கிய தேதிகளைப் போட்டு. 2014 ஜூலை, திருகு. டிசம்பர், பல். 2016, செக்கப். 2018, கிளீனிங். 2022, செக்கப். இன்று காலை புத்தகத்தைப் பிரித்தபோதுதான் அதற்குக் கீழே பென்சிலில் இன்னொரு வரி பார்த்தேன். டிசம்பர் 19 என்று போட்டு, பக்கத்துக் கட்டத்தில் 'சும்மா' என்று எழுதியிருக்கிறாள். நான் சொன்ன பொய்யை அவள் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

டிக்கெட்டை நீ ரத்து செய்துவிட்டாய். அம்மாவே இல்லாத வீட்டுக்கு வந்து என்ன செய்ய என்று கேட்டாய். நியாயம்தான். இதைப் படித்த பிறகு என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போனாலும் நியாயம்தான். மன்னிப்புக் கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை. இனி உன்னை இங்கே வரவழைக்க என் கையில் ஒன்றுமில்லை. பல்லை அங்கேயே பார்த்துக்கொள்வார்கள். என் உடம்பும் நன்றாக இருக்கிறது, இது சத்தியம், வேண்டுமானால் வீணாவைக் கேட்டுக்கொள். தேதியும் நான் சொல்லவில்லை. அம்மா எழுதிய அந்தக் கட்டம் மட்டும் பொய்யாகவே நின்றுவிடக் கூடாது என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. என்றைக்காவது உனக்குத் தோன்றும்போது, எந்தக் காரியமும் இல்லாமல், சும்மா வா ராஜா.

வலது பக்கம் இப்போதைக்கு மெல்லாதே. உன்னையும் ரூபினியையும் சின்னவளையும் மாதா தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் அப்பா,
ஜெயராஜ்