மலையிடம் மணி கேட்கும் கடிகாரம்

மியாகோஜி,
அக்டோபர் 19, 2014, ஞாயிறு

அன்புள்ள தோமியேவுக்கு,

இங்கே மூன்று நாளாகக் காலையில் உறைபனி. முற்றத்துச் சீமைப் பனிச்சை மரத்தில் இலை கொட்டி, பழம் மட்டும் நிற்கிறது. அங்கே கோரியாமாவில் இன்னும் இவ்வளவு குளிர் வந்திருக்காது என்று நினைக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். உன் தங்கைக்கு என் வணக்கத்தைச் சொல். நான் நலமாக இருக்கிறேன்.

கூரை ஓடுகளை மாற்றி முடித்தாகிவிட்டது. கிணற்றுத் தண்ணீரை மறுபடி சோதித்துப் பார்த்து, குடிக்கலாம் என்று தாள் கொடுத்தார்கள். வயல் ஓரத்தில் அடுக்கிய கறுப்பு மூட்டைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அணு உலைத் தூசி படிந்த மண்ணைச் சுரண்டிக் கட்டிவைத்தவர்கள் எப்போது வந்து எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. மலைக்காளான் இந்த வருஷமும் பறிக்கக் கூடாதாம்.

பக்கத்து வீட்டு யாசுகே திரும்பி வந்துவிட்டான். அவன் மனைவி வரவில்லை. பேரப்பிள்ளைகளை விட்டு வர மாட்டேன் என்கிறாளாம். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் வீட்டில் ஒருவர் மாற்றி மாற்றி நூடுல்ஸ் வேகவைத்துச் சாப்பிடுகிறோம். "இப்படியே போனா ஊருல நம்ம ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வெச்சுடுவாங்கடா கென்சாகு. ஆனா உன் சமையலுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்" என்கிறான். நான் சிரித்தேன். வீட்டுக்குள் என் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு எனக்கே என்னவோ போலிருந்தது.

இப்போது இந்தக் கடிதம் எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். கூடத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்க வேண்டும். 'ஏன், அங்கே இருந்த கடிகாரம் எங்கே' என்று நீ கேட்பாய். அதையும் எழுதுகிறேன். முதலில் கடைக்குப் போனதைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் மற்றதைச் சொல்ல எனக்குத் துணிவு வரும்.

வியாழக்கிழமை யாசுகேயின் வண்டியில் ஃபுனேஹிகிக்குப் போனோம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மின்சாதனக் கடையை இப்போது பழைய முதலாளியின் மகள் இகுகோ பார்த்துக்கொள்கிறாள். பின்சுவர் முழுவதும் கடிகாரம். தானே மணி திருத்திக்கொள்ளும் ரேடியோ கடிகாரம் வேண்டும் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மணி அனுப்புற கம்பமே உங்க மலை மேலதான் நிக்குது. டோக்கியோக்காரனே உங்க மலையைக் கேட்டுத்தான் முள்ளைத் திருத்துறான். நீங்க என்கிட்ட வந்து மணி கேக்குறீங்களா, மாமா?" என்றாள். யாசுகேவுக்கு ஒரே கொண்டாட்டம்.

பிறகு அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். சத்தமே போடாமல் முள் வழுக்கிக்கொண்டு போவது ஒன்று. வெப்பமும் ஈரப்பதமும் காட்டுவது ஒன்று. தெற்கே கியூஷூ மலையிலிருந்து வரும் சிக்னலையும் வாங்கிக்கொள்வது இன்னொன்று. "ஒரு மலை நின்னுபோனா இன்னொரு மலை இருக்கு பாருங்க. அந்த வருஷத்துக்கு அப்புறம் எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க" என்றாள். எந்த வருஷம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பாட்டரி போட்டதும் முள் ஓடுமா?

அவளுக்குப் புரியவில்லை. எல்லாரும் மணி சரியாகக் காட்டுமா, இருட்டில் தெரியுமா, பாட்டரி எத்தனை நாள் வரும் என்று கேட்பார்களாம். முள் ஓடுமா என்று கேட்ட முதல் ஆள் நான்தானாம். பெரிய வட்டக் கடிகாரம் ஒன்றை எடுத்துப் பாட்டரி போட்டாள். முள் கடகடவென்று சுற்றிப் பன்னிரண்டில் போய் நின்றது. அப்புறம் அசையவில்லை. கடையின் தகரக் கூரைக்கு அடியில் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்று சொல்லி, கடிகாரத்தை வெளியே எடுத்துப்போய் வண்டியின் முன்பக்கத்தில் கிழக்கு பார்த்துச் சாய்த்து வைத்தாள்.

அங்கே மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். பத்து நிமிஷம் இருக்கும். குளிருக்கு யாசுகே காலைத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு முள் தானாகவே கிளம்பியது. பெரிய முள் சுற்றிச் சுற்றி ஓட, சின்ன முள் அதன் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, இரண்டும் மூன்றே காலில் வந்து நின்றன.

தோமியே, நான் அந்தத் தெருவில் நின்று அழுதேன். இகுகோ பயந்துபோய்த் தேநீர் கொண்டுவர உள்ளே ஓடினாள். யாசுகே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நம் மிசுகி இருந்திருந்தால் அந்த இடத்தில் குதித்துக் குதித்துக் கைதட்டியிருப்பாள். இருபத்தாறு வயதுப் பெண் ஏழு வயதுப் பிள்ளையாகவே இருக்கிறாள் என்று ஊர் பரிதாபப்பட்டது. நமக்கு அப்படித் தோன்றியதா? நம் பழைய கடிகாரத்தில் பாட்டரி தீரும் முன்னாலேயே அதைக் கழற்றி, 'மறுபடி ஓட விடுங்கப்பா' என்று என்னிடம் நீட்டுவாள். மாலை ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் பாட்டு வந்ததும் கடிகாரத்தைப் பார்த்து, "சரியா இருக்கு. மலை கரெக்டா சொல்லுது" என்று சொல்லிவிட்டு மலைப் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்குவாள். ஒரு நாளும் தவறியதில்லை.

இனி அந்தக் கடிகாரத்தைப் பற்றி.

மார்ச் பன்னிரண்டு சாயங்காலம், அணு உலை வெடித்துவிட்டது, எல்லாரும் கிளம்ப வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது, அவள் நாற்காலியில் ஏறி அதைச் சுவரிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் அவள் கையிலிருந்து வாங்கித் திரும்ப மாட்டினேன். "ரெண்டு நாள்ல வந்துடப் போறோம். கடிகாரம் எங்க ஓடிப்போயிடும்?" என்றேன். குழந்தை கேட்கிறது, கொடுத்துவிடுங்கள் என்று நீ சொன்னாய். இடமில்லை என்றேன். பின் இருக்கையில் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தேன்.

அவளைத் தகனம் செய்துவிட்டு வந்த அன்று நீ ஒரே ஒரு முறை சொன்னாய். "அரிசிக்கு இடம் இருந்துச்சு." அதற்குப் பிறகு இந்த மூன்றரை வருஷத்தில் அந்தப் பேச்சை நீ எடுத்ததே இல்லை. நீ தினமும் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த மே மாதம், வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரத்தில் ஒரு பையில் கொள்வதை எடுத்துவர அனுமதித்தார்களே, அப்போது நீ என்னிடம் கேட்டது அந்தக் கடிகாரம் ஒன்றைத்தான். அதை வெளியே கொண்டுவர அனுமதி இல்லை, சுவரில் பத்திரமாக இருக்கிறது என்று திரும்பி வந்து சொன்னேன். அது பொய். வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக உள்ளே போனபோது சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது. ஏப்ரலில் வந்த நிலநடுக்கத்தில் விழுந்திருக்க வேண்டும். கண்ணாடி தூள் தூளாகி, பெரிய முள் வளைந்து கிடந்தது. பெருக்கி எடுத்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் புதைத்தேன். அன்று உன்னிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு நாள் ஆக ஆகச் சொல்ல முடியாமலே போயிற்று.

இன்னொன்றும் உண்டு. ஆட்கள் வெளியேறியதும் ஊமையாகிப்போன நம் மலை மறுபடி மணி அனுப்பத் தொடங்கியது ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி. அவள் போனது பதினேழாம் தேதி. நாலு நாள். உனக்கும் இது தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நாம் இருவரும் இதை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டதில்லை.

இகுகோவிடம் இரண்டு கடிகாரங்களை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்று முள் ஓடும் வட்டக் கடிகாரம். இன்னொன்று வெறும் எண் காட்டுவது. அதில் ஓட்டம் எதுவும் கிடையாது. மணி தப்பாக இருந்தால் எண் சத்தமில்லாமல் மாறிக்கொள்ளும். எதை வாங்குவது என்று நீ சொல்ல வேண்டும். எனக்கு ஓடுவதுதான் பிடித்திருக்கிறது. ஆனாலும் இந்த முறை நானாக முடிவு செய்யப் போவதில்லை.

கல்லறையைச் சுற்றி மண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டார்கள். என் அப்பா அம்மாவின் பெயர்களுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. அவள் அஸ்திக் கலசத்தை நீ அலமாரியில் வைத்துக்கொண்டு அவளோடு தினமும் பேசுகிறாய் என்று உன் தங்கை சொன்னாள். அவளைக் கொடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. பனி கொட்டிப் பாதை மூடுவதற்குள் ஒரு நாள் நீ வந்து இந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உடம்பைக் கவனித்துக்கொள்.

கென்சாகு


கோரியாமா,
அக்டோபர் 27, 2014

மிசுகியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. பதில் எழுத ஐந்து நாளாகிவிட்டது. இங்கே எல்லாரும் நலம். என் முழங்கால் பரவாயில்லை. காய்கறி போடாமல் நூடுல்ஸ் சாப்பிடாதீர்கள். யாசுகே அண்ணனுக்கும் இதைச் சொல்லுங்கள்.

கடிகாரம் உடைந்துபோனது எனக்குத் தெரியும். நீங்கள் மே மாதம் திரும்பி வந்த அன்று, உங்கள் கையுறைக்குள் ஒரு சிறு கண்ணாடித் துண்டு இருந்தது. நீங்களாகவே சொல்லுவீர்கள் என்று காத்திருந்தேன். இப்போது சொல்லிவிட்டீர்கள். அதனால் நானும் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் நாம் தங்கியிருந்தபோது மிசுகி எல்லாரிடமும் மணி கேட்டுக்கொண்டே திரிவாள். ஒருவர் சொல்லும் மணி இன்னொருவர் சொல்வதோடு ஒத்துப்போகாது. அவள் தவித்துப்போவாள். மலையில் ஆள் இல்லாததால்தான் மணி வரவில்லை என்று யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். "மலை தனியா இருக்குதும்மா. நாமளாச்சும் அதைப் பாக்கணும்" என்று சொல்லி, மாலை ஐந்து மணி ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றும்போதெல்லாம் கிழக்குப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நிற்பாள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. ஏப்ரல் பத்தாம் தேதி நீங்கள் பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கப் போயிருந்தீர்கள். மழையும் பனியும் கலந்து கொட்டியது. அவள் கதவைத் திறந்தாள். காற்று உள்ளே அடித்ததும் கைக்குழந்தை வைத்திருந்த ஒரு பெண், "உங்க பொண்ணுக்குப் புத்தியில்லன்னா உங்களுக்குமா இல்ல? கதவைச் சாத்துங்க!" என்று எல்லார் முன்னாலும் கத்தினாள். எனக்கு அவமானமாகிவிட்டது. நான் மிசுகியின் முதுகில் கைவைத்து வெளியே தள்ளி, "பாக்கணும்னா வெளியவே நின்னு பாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அப்போது சோற்று உருண்டை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் போய் வரிசையில் நின்றேன். வாங்கிக்கொண்டு திரும்பி வந்து கதவைத் திறக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவள் நான் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். தலையெல்லாம் நனைந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்து, "அம்மா, மேகம் இருக்கு, மலை தெரியல" என்றாள். மறுநாள் காய்ச்சல் வந்தது.

மருத்துவர் எப்படிக் குளிர் பட்டது என்று கேட்டபோது, கூடத்தில் எல்லாருக்குமே குளிர்தான் என்றேன். உங்களிடமும் அதையேதான் சொன்னேன். பிறகு, சுடுகாட்டிலிருந்து வந்த அன்று, உங்களிடம் அரிசியைப் பற்றிச் சொன்னேன். கதவைப் பற்றிச் சொல்ல முடியாமல்தான் அரிசியைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் அதை நம்பிவிட்டீர்கள். இத்தனை வருஷமும் எல்லாம் உங்களால்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, நான் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த வீட்டுக்கு வர மாட்டேன் என்று நான் சொன்னதுகூடக் காற்றுக்கும் மண்ணுக்கும் பயந்து அல்ல. உங்களோடு ஒரு கூரைக்கு அடியில் இருந்தால் ஒரு நாள் இது என் வாயில் வந்துவிடும் என்று பயந்தேன்.

இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு நீங்கள் என்னைப் பார்க்க விரும்பாமல் போகலாம். அப்படியானால் பதில் போட வேண்டாம். நான் புரிந்துகொள்வேன்.

கடிகாரம் எண் காட்டுவதையே வாங்குங்கள். உங்களுக்கு மற்றதுதான் பிடித்திருக்கிறது என்று தெரியும். ஆனால் அந்த முள் ஓடும்போது பக்கத்தில் கைதட்டல் கேட்காமல் என்னால் அங்கே நிற்க முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சம்மதித்தால் நவம்பர் மூன்றாம் தேதி, விடுமுறை நாள், காலையில் வந்து எங்கள் இருவரையும் அழைத்துப் போங்கள். கலசத்தைச் சுற்ற வெள்ளைத் துணி துவைத்து வைத்திருக்கிறேன். அங்கே தங்குவேனா என்று கேட்காதீர்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்றுதான் இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு எப்படித் தோன்றுமோ, எனக்கே தெரியாது.

கல்லறைக் கல்லைத் தள்ளி அவளை உள்ளே வைக்கிறபோது நான் ஒருவேளை கொடுக்காமல் பிடித்துக்கொள்ளலாம். அப்போது அவசரப்படுத்தாதீர்கள். மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காமல் என் பக்கத்தில் நில்லுங்கள். முடிந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மிசுகியின் அம்மா