மணிக்கூண்டுத் தெருவில் என் துண்டு

ஞாயிறு, தருமபுரி.

மணிக்கூண்டுக்குப் பின்னால் மகள் குடியிருக்கும் தெருவில் சத்தமே இல்லை. நாலு நாள் தங்க வந்தேன். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் என்ன தொழில் என்று கேட்டார். மாப்பிள்ளை முந்திக்கொண்டு, "மாமா பிசினஸ் பண்றாங்க" என்றார்.

"மாட்டு யாவாரங்க" என்றேன். தோள் துண்டை அவர் கைமேல் போட்டு, சந்தையில் துண்டுக்கடியில் வாய் திறக்காமல் விரல் பிடித்து விலை பேசுவதையும் காட்டினேன். மனிதர் சிரித்துவிட்டார். "இந்தத் தெருவுக்கு ஏத்த தொழில்தாங்க. சத்தமே இல்ல."

உள்ளே வந்ததும் மாப்பிள்ளை, "இங்க இருக்கற வரைக்கும் அந்தத் துண்டக் கழட்டி வைங்க மாமா" என்றார்.

"உங்க வூட்டுக்காரிய டீச்சராக்குனது இந்தத் துண்டுதாங்க மாப்ள."



துண்டைத் துவைத்து, தெருவுக்கே தெரியும்படி வாசல் கம்பியில் காயப் போட்டிருக்கிறேன். நாலு நாளும் தங்கிவிட்டுத்தான் என் ஊர் மொரப்பூருக்குப் போவேன்.