முன்னால் நிற்பவள்

இன்று மாலை பிரிக்பீல்ட்ஸ் தேவாலய மண்டபத்தின் சமையலறையில், கொதிக்கும் கெட்டிலின் மூக்கில் இறகுப் பந்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆவி காட்டிக்கொண்டிருந்தேன். காய்ந்த இறகு சீக்கிரம் ஒடிந்துவிடும், ஆவி பட்டால் தாங்கும் என்று இங்கே இந்த வேலையைத் தொடங்கிவைத்தவள் நீ. ஈர இறகின் வாடையை, மழையில் நனைந்த கோழிக்கூண்டு என்பாய். இன்று அது மூக்கில் ஏறியதும், எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது.

நீ போன பிறகும் சனிக்கிழமைகளில் தவறாமல் வருகிறேன். ஆனால் ஆடுவதில்லை. புள்ளி எழுதுவேன். கேட்டால் முழங்கால் வலி என்பேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. பூப்பந்து இரட்டையர் ஆட்டத்தில் வலைக்கு அருகே நிற்பவள் நான். எனக்குப் பின்னால் நின்று ஓங்கி அடிப்பவள் நீ. அந்த இடத்தில் இன்னொருத்தியை நிறுத்தி அவளுக்கு முதுகு காட்டி நிற்க எனக்கு மனம் வரவில்லை.

ஆரம்பத்தில் உனக்கும் அப்படி நின்றவள் இல்லை நான். தலைக்கு மேல் பந்து போனால் உடனே திரும்பிப் பார்ப்பேன். நான் பத்திரிகை நிருபர், கண்ணால் பார்க்காததை எழுதாத தொழில் என்னுடையது. அந்தப் பழக்கம் களத்துக்கும் கூடவே வந்தது. அப்படித் திரும்பிய ஒருநாள் நீ அடித்த பந்தே என் புருவத்தில் வந்து விழுந்தது. ஐஸ் கட்டியை வைத்து அழுத்திக்கொண்டே திட்டினாய்.

"எதுக்குடி திரும்புற? பைபிள்ல, ஊர் எரியுறத திரும்பிப் பார்த்த அம்மா உப்புத்தூணா நின்னுச்சு. நீயும் நிக்கப் போறியா? ராக்கெட்டு மேல, கண்ணு முன்னால. பின்னாடி நான் பார்த்துக்கிறேன்."

அன்று கிள்ளானுக்குப் போகும் கொமியூட்டர் ரயிலில் உன்னை ஏற்றிவிட நடந்தபோது, அதே பேச்சை வேறு இடத்துக்குக் கொண்டுபோனாய்.

"ஜெபத்துலயும் நீ இப்படித்தான் லா. கேட்டுட்டு உடனே திரும்புற, ஆண்டவர் ஓடுறாரா இல்லையான்னு."

"ஓடலைன்னா?"

"புள்ளி போகும். நமக்குப் போகாத புள்ளியா? அதுக்காக நீ பின்னாடி வந்து நின்னா, முன்னாடி யாரு நிப்பா?"

அப்போது சிரித்துவிட்டேன். கிள்ளான் மருத்துவமனையில் நீ படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை. மருத்துவர்களை வழிமறித்தேன், அறிக்கைகளை வாங்கிப் படித்தேன், ஒரே கேள்வியை மூன்று பேரிடம் கேட்டு விடைகளை ஒப்பிட்டேன். நீ ஆரஞ்சுச் சுளையைச் சப்பிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆரஞ்சு பிரேமா கொண்டுவந்தது. நம் சபையின் பிரேமா, கோட்டில் விழுந்த பந்தையெல்லாம் "அவுட்" என்பவள், உன் கட்டிலருகே நின்று சொன்னாள்: "விசுவாசம் முழுசா இருந்திருந்தா இந்நேரம் எழுந்திருப்பீங்க, அக்கா."

எனக்கு ரத்தம் கொதித்தது. நீயோ, "அந்த ஆரஞ்சையும் உரிச்சிக் குடு பிரேமா, கையில பலம் இல்ல" என்றாய். அவள் போனதும் பின்னாலேயே எழுந்த என் கையைப் பிடித்தாய்.

"விடுடி. அவளுக்குப் பயம். எனக்கு வந்தது அவளுக்கும் வருமோன்னு."

"உனக்குப் பயமா இல்லையா?"

"இல்லாமலா? கடைசிப் புள்ளிக்குக் கால் நடுங்காமலா ஆடினோம்? நடுங்குதுன்னு கோர்ட்ட விட்டுப் போனோமா?"

அதன் பிறகு பிரேமாவிடம் நான் பேசவில்லை. உன் அடக்க ஆராதனையில்கூட அவள் நீட்டிய கையைப் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். ஜெபத்தில் கண்ணை மூடினால் உடனே திறந்துவிடுகிறது. கேட்டோமே, யார் ஓடினார்கள் என்று மனம் திரும்பத் திரும்பப் பார்க்கிறது.

இங்கே ஜோடியை நாமாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். எல்லா மட்டைகளையும் தரையில் குவித்து, மண்டபத்துச் சாவி வைத்திருக்கும் ஜோசப் அண்ணன் கண்ணை மூடி இரண்டிரண்டாக எடுப்பார். நீ நம் இரண்டு மட்டைகளையும் ரப்பர் பட்டையால் கட்டிப் போடுவாய். அவரும் தெரியாததுபோல் எடுத்துக் கொடுப்பார். இன்று நான் கெட்டிலோடு நின்றிருந்த நேரத்தில் என் மட்டையையும் குவியலில் போட்டுவிட்டார்.

"முழங்காலுக்கு எவ்வளவு நாள் லா லீவு? வந்து ஆடுங்க."

அவர் கையில் என் மட்டை. பிடியில் இன்னும் அந்த ரப்பர் பட்டை. அடுத்த கையில் பிரேமாவின் மட்டை.

பிரேமா கிட்டே வந்தாள். "நான் பின்னாடி நிக்கவா, அக்கா? வேணாம்னா அண்ணன மாத்தச் சொல்றேன்."

கெட்டில் பக்கம் பார்த்தேன். "நில்லு" என்றேன்.

மோசமாக ஆடினோம். முதல் பந்திலிருந்தே திரும்பினேன். அவள் ஓடுவதையும் தவறவிடுவதையும் பார்த்துக்கொண்டிருந்ததில், வலையோரம் எனக்கு வந்த பந்துகள் காலடியில் விழுந்தன. எனக்கும் சேர்த்து அவளே ஓடினாள். மூச்சு வாங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கடைசிப் புள்ளியில் பந்து என் தலைக்கு மேல் உயரமாகப் போனது. கழுத்து தானாகத் திரும்பப் போனது; அடக்கிக்கொண்டேன். மட்டையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு வலையைப் பார்த்தேன். பின்னால் காலணி தரையில் கிறீச்சிட்டது.

அவளுக்கு எட்டவில்லை. ஆட்டம் போனது.

வழக்கம்போல் வட்டமாக நின்று கைகோத்து ஜெபித்தோம். பிரேமாவின் கை ஈரமாக இருந்தது. அவள் விரல்கள் நடுங்கியது ஓடிய களைப்பாலா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. உன் பெயரை ஜோசப் அண்ணன் சொன்னபோது கண் திறந்துவிட்டது. எதிரே நீ நிற்கும் இடம் காலியாக இருந்தது. மறுபடி மூடினேன். ஆமென் சொல்லும்வரை மூடியே வைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை என் மட்டையை நானே குவியலில் போடுவேன்.