நாலாவது மிதவை

மார்ச் 2, சனி

கணுக்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. இன்று நானூற்றுச் சொச்சம் சட்டை பார்த்தேன், முப்பத்தொன்றைத் திருப்பி அனுப்பினேன். காலர் கோணல், பட்டன் துளையில் பிசிறு, ஒன்றில் இரண்டு கையும் ஒரே பக்கத்துக் கை. பதினெட்டு வருஷமாகத் தையல் ஆலையில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.

நாளை ஞாயிறு, தூங்கலாம் என்றால் இவருடைய மாதிரிப் படகு கிளப்பில் போட்டிகள் ஆரம்பம். ஆகஸ்ட் வரை மாதம் ஒரு போட்டி. மதிப்பெண் மேசை எனக்கு. இந்த வருஷமாவது என்னை விட்டுவிடுங்கள் என்று செயலாளரிடம் சொல்லிப் பார்த்தேன். கரையில் நின்று எல்லோரையும் அதட்டுவதால் அவருக்கு அட்மிரல் என்று பேர். "நீங்க உக்காந்தாத்தான்மா சண்டை வராது. வேற யார் எழுதினாலும் பேப்பரைப் பிடுங்கிப் பாப்பாங்க" என்றார். புகழ்ச்சியா தண்டனையா தெரியவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

பூங்காக் குளம். காற்று கொஞ்சம்தான். குளத்தில் ஐந்து இடங்களில் ஜோடி ஜோடியாகச் சிவப்பு மிதவைகள், நாலாவது ஜோடி வலது கோடியில். கரையில் நின்றபடி ரிமோட்டால் ஓட்டி, ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே படகைக் கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வர வேண்டும். மிதவையில் உரசினால் பத்து மதிப்பெண் போச்சு. ஜோடியைத் தவறவிட்டால் அந்த இடத்துக்குச் சுழியம்.

இவருடைய இழுவைப் படகு மூன்று வருஷ உழைப்பு. மேல்தளத்துக் கயிற்றுச் சுருள்கூட என் நூல்கண்டிலிருந்து திருடியது. (பொம்மை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. மாதிரி. மா-தி-ரி.) தொடர்ந்து நாலு வருஷம் கேடயம் நம் வீட்டு அலமாரியில்தான்.

இன்று நாலாவது மிதவையில் உரசினார். மருந்துக்கடைக்காரர் ஜெயித்தார். திரும்பி வரும்போது காரில், "சுக்கான் இழுக்குது" என்றார்.

மார்ச் 20, புதன்

சாப்பாட்டு மேசை முழுக்கச் சுக்கானின் உறுப்புகள். நின்றபடி சாப்பிட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

இரண்டாம் போட்டி. நாலாவது ஜோடியை இரண்டு சுற்றிலும் கோட்டைவிட்டார். உரசல் கூட இல்லை. படகு பாட்டுக்கு மிதவைக்கு வெளியே போய்க்கொண்டிருக்கிறது, இவர் நடுவில் போவதாக நினைத்துத் திருப்புகிறார். யாரோ சிரித்தார்கள். "சூரியன் கண்ணுல அடிக்குது" என்றார். வானம் முழுக்க மேகம்.

நான்தான் சுழியம் போட்டேன். போட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 8, திங்கள்

மதிய இடைவேளையில் எழுதுகிறேன், ஆலை கேண்டீனில். காலையில் இவர் கிளம்பியதும் போன வருஷத்து மதிப்பெண் தாள்களை எடுத்துப் பார்த்தேன். உரசிய இடத்தைச் சின்னப் புள்ளியாகக் குறித்து வைப்பது என் பழக்கம். போன ஜூன் வரை இவர் தாளில் புள்ளியே இல்லை. அதற்கப்புறம் ஏழு புள்ளி. ஏழும் வலது பக்க மிதவை.

சுக்கான் இழுத்தால், போகும்போது வலது, திரும்பும்போது இடது என்றுதானே உரசும்?

கதவு நிலையில் இடித்துக்கொண்டு வலது தோளில் நீலம் பாரித்திருந்தது. வலது கைப்பக்கம் தண்ணீர் வைத்தால் தட்டிவிடுகிறார், அதனால் என்னை அறியாமலே இடது பக்கம் வைக்கப் பழகியிருக்கிறேன். எப்போதிலிருந்து?

ஜனவரியில் இவர் ஓட்டும் பள்ளிக்கூட வேனின் கண்ணாடி உடைந்தது. வலது கண்ணாடி.

வேன். பதினாலு பிள்ளைகள்.

மணி அடித்துவிட்டது.

ஏப்ரல் 14, ஞாயிறு

கேட்டேன். முதலில் வயசு என்றார், அப்புறம் மூக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார். தாள்களை முன்னால் போட்டேன். புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அப்ப நீ ஒண்ணு பண்ணு. அடுத்த போட்டியில படகு நாலாவது மிதவைக்கு நேரா வரும்போது ஒரு தரம் இருமு. அது போதும் எனக்கு" என்றார்.

அப்படியென்றால் இவருக்குத் தெரியும்.

கண் டாக்டரிடம் போன அக்டோபரிலேயே போயிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. கண்ணுக்குள் அழுத்தம். வலது கண்ணில் பக்கவாட்டுப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது, இடதிலும் ஆரம்பம். போனது வராது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். வண்டி ஓட்டக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை ரிமோட்டின் பேட்டரிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார். அங்கே நான் கை வைக்க மாட்டேன் என்று தெரியும்.

"இருபத்திரண்டு வருஷமா ஒரு குழந்தைக்கும் ஒரு சின்னக் கீறல் விழுந்ததில்ல. ஞாபகம் வச்சுக்கோ."

"டாக்டர் என்ன சொன்னார்னு நீங்க ஞாபகம் வச்சுக்கோங்க."

"சீசன் முடியட்டும். நானே சொல்லிடறேன். சத்தியமா."

ஏப்ரல் 25, வியாழன்

தினமும் காலையில் ஏழு மணிக்கு வேன் கிளம்பும் சத்தம். தினமும் மாலை நாலரைக்குத் திரும்பும் சத்தம். இவர்கள் பள்ளிக்கு மே நடுவில்தான் விடுமுறை. இரண்டுக்கும் நடுவில் நான் சட்டை பார்க்கிறேன். நேற்று ஒரு பெட்டி முழுக்கக் கோணல் காலர் என் கையைத் தாண்டிப் போயிருக்கிறது. மேற்பார்வையாளர், "என்னக்கா, உங்களுக்கா இப்படி?" என்றாள்.

தினமும் சொல்கிறேன். தினமும் சத்தியம் பண்ணுகிறார். சொல்லிச் சொல்லி எனக்கே என் குரல் அலுத்துவிட்டது.

மே 5, ஞாயிறு

இருமினேன்.

மே 6, திங்கள்

நேற்று அதற்குமேல் எழுதப் பிடிக்கவில்லை. இருமக் கூடாது என்றுதான் போனேன். கரையில் நின்றபடி என் பக்கம் திரும்பினார். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்றுகூடத் தெரியாமல், மேசை இருக்கிற திசையைப் பார்த்து. தொண்டை தானாக... இல்லை. தானாக ஒன்றும் இல்லை. வேண்டுமென்றுதான் இருமினேன். இரண்டு சுற்றிலும்.

முழு மதிப்பெண். அட்மிரல் கட்டிப்பிடித்துக்கொண்டார். தோற்றுப்போன மருந்துக்கடைக்காரர் நேராக என்னிடம் வந்து, "இருமல் பலமா இருக்கேக்கா, நாளைக்குக் கடைப்பக்கம் வாங்க, நல்ல மருந்தாத் தர்றேன்" என்றார். அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இவர் காரில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். இன்று காலை சீட்டியடித்துக்கொண்டே வேனில் ஏறினார். நான் பண்ணியது வெறும் படகுக்கு இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

நாளைக்கு அரைநாள் லீவு சொல்லியிருக்கிறேன்.

மே 7, செவ்வாய்

வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு அதை மாற்றிவிடும்.

கால் வலிக்கிறது, ஆலை வரைக்கும் வருகிறேன் என்று வேனில் ஏறிக்கொண்டேன். ஆலை வந்தது. இறங்கவில்லை. இவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். இவருக்குப் பின் சீட்டில், வலது ஜன்னலை ஒட்டி, முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பெண். ஏழு வயது இருக்கலாம். திருப்பம் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, "வலது பக்கம் சரி!" என்று கத்துகிறாள். இவர், "நன்றி கேப்டன்!" என்கிறார். வேன் முழுக்கச் சிரிப்பு. அவளுக்குப் பேரே வலது கேப்டன். ஆறு மாசமாக நடக்கும் விளையாட்டாம்.

நான் இருமினேன் என்றால், அந்தக் குழந்தை ஆறு மாசமாகக் கத்திக்கொண்டிருக்கிறாள். எதற்கென்று தெரியாமல்.

மூன்றாவது திருப்பத்தில் அவள் பைக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லை. சத்தம் வராததையே சரி என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, திருப்பிவிட்டார். சைக்கிளில் ஒருத்தர். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. பிரேக். தண்ணீர் பாட்டில்கள் உருண்டு முன்னால் வந்தன. சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்று, வேனைக் கையால் ஓங்கித் தட்டி, நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனார். விழவில்லை. விழவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். "அங்கிள், நான் பாக்கல. சாரி அங்கிள். நான்தான் பாக்கல."

ஐயோ, அந்தக் குழந்தை எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? யார்கிட்ட?

மிச்ச வழி முழுக்க நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வலது பக்கம் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். பள்ளிக்கூட வாசலில் எல்லோரும் இறங்கியதும், "சாவியக் குடுங்க" என்றேன்.

"சாயங்காலம் பேசலாம்."

"சாயங்காலம் இந்தப் பிள்ளைங்கள யார் கூட்டிட்டுப் போறது?"

"நீ இப்ப உள்ள போனா," என்றார், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "அப்புறம் நான் ஒண்ணுமில்லாதவன். தெரிஞ்சுதான் போறியா?"

தெரிந்துதான் போனேன்.

போக்குவரத்தைக் கவனிக்கும் அம்மாள் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது நாலைந்து வாக்கியம்தான். கையோடு எடுத்து வந்திருந்த டாக்டர் சீட்டை மேசையில் வைத்தேன். எனக்குத் தெரிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது என்பதையும் சொன்னேன். அந்த அம்மாள் டீயை அப்படியே வைத்துவிட்டு, "உக்காருங்க" என்றார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது. நின்றேன்.

ஜன்னல் வழியாக வேன் தெரிந்தது. இவர் இறங்கி, உருண்டு கிடந்த பாட்டில்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாகத் துடைத்துப் படிக்கட்டில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

மே 8, புதன்

மகள் போனில். "அப்பாவ இப்படி அசிங்கப்படுத்தணுமாம்மா? வீட்டுக்குள்ள பேசித் தீத்திருக்கக் கூடாதா?" பேசித் தீர்க்கவில்லை என்று யார் சொன்னது? பேசிப் பேசித்தான் தீர்ந்துபோனேன்.

இவர் ஹாலில் படுக்கையைப் போட்டுக்கொண்டார். காரின் சாவியைக் கேடயத்தின் மேல் மாட்டியிருக்கிறார். நான் பார்க்க வேண்டும் என்றே.

மே 12, ஞாயிறு

அட்மிரல் வீட்டுக்குப் போய் இருமல் விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன். "நீங்களாம்மா?" என்றார். ஆலையில் கேட்டது போலவே. மூன்றாம் போட்டியில் இவருடைய மதிப்பெண் ரத்து. மதிப்பெண் மேசை இனி எனக்கு இல்லை. இத்தனை வருஷமாகக் கேட்டும் கிடைக்காத விடுதலை, இப்படிக் கிடைத்தது.

மருந்துக்கடைக்கும் போனேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "சொட்டு மருந்து ஒழுங்காப் போடுறாரா?" என்றுதான் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மே 13, திங்கள்

போடவில்லை. புட்டி உறை கூடப் பிரிக்கவில்லை. ஏழு மாசம்!

மே 14, செவ்வாய்

புட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நின்றேன். கால் வலித்தது. வலிக்கட்டும் என்று நின்றேன். கடைசியில் தலையைப் பின்னால் சாய்த்தார். "மேல பாருங்க." இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

ஜூன் 2, ஞாயிறு

போட்டி நாள். இருவரும் போகவில்லை. மத்தியானம் வரை தூங்கினேன். எழுந்தபோதும் அதே அசதி.

ஜூன் 16, ஞாயிறு

ஒரு நாளைக்கு எங்களுக்குள் இரண்டே வார்த்தை. மேல பாருங்க. அதையும் நான்தான் சொல்கிறேன்.

வேலையில்லாமல் மனுஷர் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார். ஏழு மணியானால் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். நான் ஆலைக்குக் கிளம்பும்போது வழிவிட்டு நகர்கிறார், அன்னியரைப் போல. நான் தப்புப் பண்ணவில்லை. அது தெரிந்தும் என்ன? தப்புப் பண்ணாதவளுக்கும் இவ்வளவு கனக்குமா?

ஜூன் 30, ஞாயிறு

டாக்டர் பார்த்துவிட்டு அழுத்தம் குறைந்திருக்கிறது என்றார். போனது போனதுதான், மிச்சம் அப்படியே நிற்கும் என்றார். ஆட்டோவில் திரும்பும்போது இவர் தன் பக்கத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் என் பக்கத்துத் தெருவை.

ஜூலை 11, வியாழன்

சொட்டு போட்டு முடித்துப் புட்டியை மூடிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"அந்த சைக்கிள்."

புட்டியைக் கீழே வைத்தேன்.

"நீ கத்தின அப்புறமும் எனக்குத் தெரியல. பிரேக் போட்டது உன் சத்தத்துக்கு. அந்த ஆள் வந்து வேனைத் தட்டினப்பதான் அங்க ஒரு ஆள் இருக்கான்னே தெரிஞ்சுது."

பிறகு, "அந்தப் பொண்ணு அழுதுச்சு" என்றார்.

"ஆமா."

"அதுகிட்ட நான் ஒண்ணுமே சொல்லலையே."

கன்னத்தைத் துடைத்துவிட்டேன். கையைத் தட்டிவிடவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். துக்கம் என்று சொல்ல முடியாது. களைப்பு. இத்தனை நாள் நின்றுகொண்டே இருந்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்த மாதிரி.

ஜூலை 15, திங்கள்

பள்ளிக்கூட அம்மாளுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். இவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கூடவே ஒரு துண்டுத் தாள், வலது கேப்டனுக்கு. "தப்பு உன்னுடையது இல்லை. அங்கிளுக்குக் கண் சரியில்லை. அதை அங்கிள்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்." இரண்டு முறை அடித்துத் திருத்தச் சொன்னார். கையெழுத்தை மட்டும் தானே போட்டார், கோட்டுக்குக் கொஞ்சம் கீழே.

ஜூலை 24, புதன்

காரை விற்கச் சொல்லிவிட்டார். படுக்கை உள்ளே வந்துவிட்டது. குறட்டை பழையபடி.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கடைசிப் போட்டி. காலையில் இவரே, "போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்றார். படகை எடுத்துக்கொள்ளவில்லை. நடந்தே போனோம், அரைமணி நேரம். கூட்டத்துக்குள் நுழையும்போது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அட்மிரல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அங்க யாரு, நாற்காலி கொண்டாங்க!" என்று அதட்டினார். ஒரு நாற்காலிதான் வந்தது. இவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

மருந்துக்கடைக்காரர்தான் ஜெயித்தார். இவர் போய்க் கை கொடுத்தார். இருவரும் சுக்கானைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது என் கால் ஒத்துழைக்கவில்லை, பஸ்ஸுக்கு நின்றோம். நிறுத்தத்தில் நிறையப் பேர். எதிர்வெயில். தூரத்தில் ஒரு பஸ் வந்தது. இவர் கையைக் குடையாக வைத்துப் பார்த்தார். பிறகு கையை இறக்கிவிட்டு, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரியே, "எனக்குத் தெரியல. என்ன நம்பர்னு பாத்துச் சொல்லு" என்றார்.

சொன்னேன். நம்முடையது இல்லை. அடுத்ததற்கு நின்றோம்.