செர்ரிக்கு அடித்த மருந்து

ஏப்ரல் 21

இன்று முதல் என் அறை பட்டுப்புழுக்களுக்கு. கட்டில் சமையல்கட்டுக்கு வந்துவிட்டது. எங்கள் ஃபெர்கானா பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் என்னைப் போலப் பெரிய மனசுக்காரன் கிடைக்கமாட்டான். தம்பி மகன் ஹிக்மத்தின் மனைவி முஅத்தர் வாசலில் நின்றுகொண்டு கட்டளை போடுகிறாள். "பெரிய மாமா, வெங்காயம் உரிச்ச கையோட உள்ள வராதீங்க. சிகரெட் வாடையோட வரவே கூடாது." நான் வளர்த்த காலத்தில் புழுக்கள் என் சிகரெட் புகையில்தான் தூங்கும், முட்டை அளவுக்குக் கூடு கட்டும் என்றேன். "அப்ப நீங்களே அதுல குடியிருந்திருக்கலாமே" என்கிறாள். வாய்!

கூடு நல்லபடியாக விளைந்தால் ஹிக்மத் முற்றத்தின் பின்பக்கம் பசுமைக்குடில் போட்டுக்கொண்டு இங்கேயே இருப்பான். இல்லாவிட்டால் மறுபடி ரஷ்யா, செங்கல் சுமக்க. போன தடவை திரும்பி வந்தவனைப் பார்த்து அவன் மகளே யாரோ என்று அழுதாள்.

மே 4

செர்ரி இலையெல்லாம் சுருண்டு கிடக்கிறது. அசுவினிப் பூச்சி. சமர்கந்திலிருந்து பூட்ஸுக்குள் குச்சியாக நான் கொண்டுவந்த மரம்! ஒரு வருஷம் ஆப்பிள் பருமனுக்குக் காய்த்தது. பக்கத்து வீட்டு அப்துவாலி இல்லை என்பான், அவனுக்குக் கண் மங்கல்.

முஅத்தர் சோப்புத் தண்ணீர் தெளிக்கிறாள். வெங்காயத்தோலை வேகவைத்து ஊற்றுகிறாள். "பொறுங்க, பொறிவண்டு வந்து தின்னுடும்."

"விருந்துக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கியா?"

மருந்தைப் பற்றி எனக்கா சொல்லித் தருகிறாள்? கூட்டுப்பண்ணைப் பருத்திக் காட்டில் கொடி பிடித்து நின்றவன் நான். என் கொடி அசைந்தால்தான் விமானம் தாழ்ந்து மருந்து தெளிக்கும். விமானியே எனக்கு சலாம் வைப்பான். தலையிலிருந்து கால்வரை நனைந்தேன், என்ன ஆகிவிட்டது எனக்கு? இருமல் சிகரெட்டால். பிள்ளை இல்லாததற்கு வேறு காரணம் இருக்கும்.

மே 11

துக்கம் கேட்க ஹிக்மத்தும் முஅத்தரும் அவள் அம்மா வீட்டுப் பக்கம் போனார்கள். நல்ல வாய்ப்பு. சந்தையில் ஒரு புட்டி மருந்து வாங்கினேன். மேலே ஒரு எழுத்துகூட இல்லை. மூடியைத் திறந்ததும் பழைய வாசனை, எனக்கு வயது இருபது ஆகிவிட்டது. ஒரு கிளை விடாமல் அடித்தேன். காற்று கொஞ்சம் இருந்தது. விமானத்துக்கே காற்று பார்த்துக் கொடி காட்டியவன், இதெல்லாம் ஒரு காற்றா?

மே 12

செர்ரி சுத்தம். ஒரு பூச்சி இல்லை. அடியில் பொறிவண்டுகள் கொட்டிக் கிடந்தன. பெருக்கித் தள்ளினேன்.

மே 13

புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி முறுக்கிக்கொள்கின்றன. வாயிலிருந்து பச்சை நீர். நேற்று மாலை முற்றத்து மல்பெரியில் வெட்டிய இலைதான் போட்டிருக்கிறாள். செர்ரிக்கு அடுத்த மரம்.

"வாங்கின புழு வித்தே சரியில்லை. எனக்கு முதலிலேயே தெரியும்" என்றேன். கண் பட்டுவிட்டது என்றான் அப்துவாலி. ஆமாம், கண்தான் என்று அதையும் பிடித்துக்கொண்டேன்.

முஅத்தர் வெளியே போனாள். ஒரு மல்பெரி இலையைக் கிள்ளி முகர்ந்தாள்.

"என்ன அடிச்சீங்க, பெரிய மாமா?"

"செர்ரிக்குத்தாம்மா அடிச்சேன்."

"காத்து உங்ககிட்ட கேட்டுக்கிட்டா வீசும்?"

மதியத்துக்குள் அறையில் சத்தமில்லை. நேற்றுவரை மழை பெய்கிற மாதிரி தின்றுகொண்டிருந்தன.

வித்து இல்லை. கண் இல்லை. நான்தான்.

மே 14

செத்த புழுக்களை அள்ளினோம். இலைக்குழியில் கொட்டப் போனேன். "அதுல வேணாம். அந்த எருவுலதான் நாம தக்காளி போடுறோம்" என்றாள். என்னைப் பார்த்துக் கத்தித் தீர்த்திருந்தால் தேவலை.

என் அறை திரும்பக் கிடைத்துவிட்டது. கட்டிலைச் சமையல்கட்டிலேயே விட்டிருக்கிறேன்.

மே 29

ஹிக்மத் ரஷ்யாவுக்குக் கிளம்பினான். எங்கள் வழக்கப்படி புறப்படுகிறவன் ரொட்டியில் ஒரு வாய் கடிக்க வேண்டும், திரும்பி வந்து மீதியைச் சாப்பிட வேண்டும். கடித்தான். முஅத்தர் அதை ஆணியில் மாட்டினாள். மகள் அவன் சட்டையை விடவில்லை. விரல் விரலாக நான்தான் பிரித்தேன்.

"மரங்களப் பாத்துக்குங்க, பெரியப்பா" என்றான். திட்டியிருக்கலாமே, பாவி மகன்!

நவம்பர் 6

தெருவெல்லாம் இலை எரிக்கிற புகை. நான் குழியில் போட்டு மிதிக்கிறேன். அப்துவாலி சுவருக்கு மேலே தலையை நீட்டினான். "விமானத்தையே எறக்கின ஆளு, இப்ப சருகு பொறுக்குறீங்களே அண்ணே?"

சுடச்சுட ஒரு பதில் இருந்தது. இருமல் வந்துவிட்டது.

ஹிக்மத்துக்கு முதுகில் ஏதோ வலியாம். பெரிதாக ஒன்றுமில்லையாம். போய்ச் சேர்ந்த என் தம்பியும் இப்படித்தான் சொல்லுவான்.

மே 9

மறுபடி அசுவினி. சோப்புத் தண்ணீர் அடித்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். பொறிவண்டு வந்தது. ஒன்றே ஒன்று.

முஅத்தர் இந்த வருஷமும் புழு வைத்திருக்கிறாள். ஆனால் கால்வாய்ச் சாலை வரை போய் மல்பெரிக் கிளை வெட்டி, முதுகில் கட்டிச் சுமந்து வருகிறாள். எங்கள் மல்பெரி முற்றத்தில் தழைத்து நிற்கிறது. பொறுக்காமல் ஒரு இலையைப் பறித்து அவள் கண்ணெதிரே மென்று விழுங்கினேன்.

"பாரு, ஒண்ணும் ஆகல."

"நீங்க புழு இல்லையே, பெரிய மாமா."

ஆனாலும் சில புழுக்களைத் தனித் தட்டில் எடுத்து, எங்கள் மரத்து இலையைப் போட்டாள்.

மே 11

தட்டுப் புழுக்கள் உயிரோடு இருக்கின்றன. தின்கின்றன. அவளும் குனிந்து பார்த்தாள்.

பார்த்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு கால்வாய்ச் சாலைக்கே கிளம்பினாள். ஹிக்மத் கடித்த ரொட்டி இன்னும் ஆணியில், கல்லாகிக் கிடக்கிறது. நான் சுமை கட்டும் கயிற்றை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். திரும்பும்போது சுமை என் முதுகில். வழியில் விமானக் கதை எதுவும் சொல்லவில்லை.